முழுநிலவில் மீன் வராது

நிலா இல்லாத இரவுகளில்தான்
உசிப்பா மீன் ஏமாறும்.
படகில் விளக்கைக் கட்டித் தாழ்த்தினால்
வந்து மொய்க்கும், விரல் நீள வெள்ளி.
நிலா நிறைந்துவிட்டால் ஏரி முழுக்க வெளிச்சம்;
படகு விளக்கை எந்த மீன் மதிக்கும்?

ஆக, மாதத்தில் ஐந்தாறு இரவுகள்
மலாவி ஏரிக்கரையில் ஆண்கள் கரையிலேயே இருப்பார்கள்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு
ஒன்றரை வருடம் ஆயிற்று.

அதுவரை:
செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, சுகாதார நிலையக் கூடம்.
நாற்பது நாற்காலி.
சுவரொட்டியில் கைகோத்துச் சிரிக்கும் கணவன் மனைவி.
வந்தவர்கள் பதினோரு பெண்கள், ஓர் ஆடு,
வெயிலுக்கு ஒதுங்கிய ஐஸ் வியாபாரி.
"எங்களுக்குத் தெரியும் டாக்டர்,"
என்றாள் முதல் வரிசையில் ஒருத்தி
(நான் டாக்டர் இல்லை),
"இதை அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

போனேன்.
பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, நிலவில், மணலில்.
வலை தைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை.
மரத்தில் செய்த மாதிரியை
மேசையிலேயே மறந்திருந்தேன்.
வைசன் துடுப்பின் பிடியை நீட்டினான்:
"என் அளவுக்குச் சின்னதுதான். பரவாயில்லை, இதுல காட்டு."
கரை முழுக்கச் சிரிப்பு.
சிரிக்கட்டும்.
சிரிக்கிற வாய் திறந்திருக்கிறது.

இருட்டில் தடவியே
வலையில் தப்பிய ஒற்றை முடிச்சைப் பிடிக்கிற விரல்கள்
உறையின் ஓரத்தைக் கிழிக்கத் தெரியாமல் தடுமாறின.
"வலையில ஓட்டை விழுந்தா மீன் போயிடும்.
இதுல விழுந்தா?"
"மீன் வரும்," என்றான் ஒரு பொடியன்.
அதற்கும் சிரிப்பு.

சிரிப்பு வடிந்த இடத்தில்
லிம்பிக்கானி சொன்னான், வலையைப் பார்த்தபடி:
"எனக்கு ஒரு சிநேகிதன்.
ரத்தம் பார்த்திருக்கான். மாத்திரை போடறான்.
டப்பாவைப் படகுல, கயித்துக்கடியில வெச்சிருக்கான்.
வீட்டுல எப்படிச் சொல்றதாம்?"

யாரந்தச் சிநேகிதன் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

"சொல்லிப் பார்க்கலாமே," என்றேன். "நாம மனைவியா இருப்போம்."
வைசன் குதித்தெழுந்தான்.
யாருடைய சிட்டெஞ்சித் துணியோ அவன் இடுப்பில்;
குரலைக் கீச்சாக்கிக்கொண்டான்:
"என்னங்க, மீனும் இல்லை, முகமும் சரியில்லை?"
ஒருவன் மணலில் உருண்டு சிரித்தான்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் லிம்பிக்கானி.
"சொல்லுங்க, ராசா."
"என் சிநேகிதன்..."
"அவன் வேண்டாம். நீங்க."
அவன் சொன்னான்.
மூன்று சொல். முதல் இரண்டு யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது வைசன், கீச்சுக் குரல் இல்லை,
தன் சொந்தக் குரலில் கேட்டான்:
"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

ஊசிகள் நின்றன.
இந்தக் கேள்வியை அவன் நாடகத்துக்காக யோசித்துச் சொல்லவில்லை.
எங்கோ, ஏதோ ஓர் இரவில்
யாரோ அவனைக் கேட்டிருக்கிறாள்.
என் கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.

லிம்பிக்கானி விரல் மடக்கினான்.
"ஏழு நிலா."

தண்ணீர் வந்து படகடியைத் தட்டிவிட்டுப் போனது.
"மறுபடி," என்றது ஒரு குரல், இருட்டுப் பக்கமிருந்து.
"முதல்லேருந்து. இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்துச் சொல்லு."

நிலா தேய்ந்தது. படகுகள் போயின, வந்தன.
வியாழக்கிழமை, நிலையத்துப் பெஞ்சில்
லிம்பிக்கானி உட்கார்ந்திருந்தான்.
பக்கத்து இடத்தில் அவன் தொப்பி.
யார் வந்து நின்றாலும்
"ஆள் வருது," என்றான்.
பதினொன்றரை மணி வரை அதையே சொன்னான்.

அன்று நான்
எண்களை மெதுவாகக் கூப்பிட்டேன்.